பட்டாளத்துத் தாத்தாவின் இடது கை

துணி வெட்டுகிற கட்டிங் மேசையின் மேல் ஏறி நின்று படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆணியில் மாட்டிய கயிறு விடுவேனா என்றது. ஒரு கையால் சட்டத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கயிற்றை நெம்பினாள். மேலே மாடியில் யார் யாரோ நடந்தார்கள், நாற்காலிகளை இழுத்தார்கள். விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாருமே குரலைத் தணித்துப் பேசவில்லை. பெரியப்பா தூங்குகிற நேரத்தில் யாராவது அப்படிச் சத்தம் போட்டால் பெரியம்மா கரண்டியோடு வந்து நிற்பாள்.

"கிடைச்சுதா?" படிக்கட்டின் மேலிருந்து மாமாவின் குரல்.

"கழட்டிக்கிட்டு இருக்கேன் மாமா."

"ஒரு போட்டோவைக் கழட்ட இவ்வளவு நேரமா? ஆணியோட சேத்துப் பிடுங்கிட்டு வா. சுவத்தை நான் பூசிக்கிறேன்."

மாமா பெரியம்மாவின் தம்பி. எலக்ட்ரீஷியன். துக்க வீட்டில்கூட வந்ததும் வராததுமாகச் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்து, "யாரு இந்த ஒயரை இழுத்தது?" என்று கோபித்துக்கொண்ட மனிதர்.

பெரியப்பா விடிகிற நேரத்தில் போய்விட்டார். போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. கீழே முன்னறையில் தையல் கடை, மேலே வீடு. நோய் முற்றிய பிறகு இறங்கி ஏறக் கஷ்டமாக இருந்தாலும், யாராவது கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, தினமும் ஒரு தடவையாவது கடைக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவார். இப்போது மெஷினின் மேல் உறை மூடிக் கிடந்தது. ஊசியில் நூல் கோத்தபடியே இருந்தது.

"அந்தப் படத்தைக் கொண்டாந்து அவரு தலைமாட்டில வைங்க. அவருக்கு அது வேணும்" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பெரியப்பாவின் தம்பி மகளான அவளைத்தான் பார்த்தார்கள். ஏனென்றால் படத்தைக் கண்டுபிடித்தது அவள். பதினாறு வயதுப் பெண், ஒரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் துழாவி, செத்துப் போன பட்டாளத்துக்காரரைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும். பெரியப்பா அவளை 'ஆபீசர்' என்றுதான் கூப்பிடுவார்.

கயிறு கழன்றது. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேசையிலிருந்து குதித்தாள்.

பெரியப்பாவின் தாத்தாதான் பட்டாளத்துத் தாத்தா. அவருடைய முகத்தைப் பார்த்தவர் குடும்பத்தில் ஒருவரும் உயிரோடில்லை. அவரைப் பற்றி வீட்டில் மிச்சமிருந்தது ஒரு மோதிரமும் ஒரு கதையும். சண்டைக்குப் போனவர் ஒரே ஒரு தடவை விடுமுறையில் வந்தார். வந்தபோது இடது கையில் கடைசி இரண்டு விரல் இல்லை. மோதிரம் போட்டிருந்த விரலும் போயிருந்தது. மோதிரத்தை மட்டும் எப்படியோ பத்திரமாகக் கொண்டுவந்து பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, திரும்பவும் போனார். அப்புறம் வரவில்லை. "ரெண்டு விரல் இல்லாதவரை எதுக்குப் பெரியப்பா திரும்பக் கூப்பிட்டாங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "அவரு என்ன பீரங்கியா சுட்டாரு? கோவேறு கழுதை ஓட்டினாரு. கழுதைக்கு விரல் கணக்கெல்லாம் தெரியாது" என்றார் பெரியப்பா.

மோதிரம் இப்போது மேலே, பெரியப்பாவின் இடது கையில் இருந்தது. விரல் மெலிந்துவிட்டதால் நூல் சுற்றிப் போட்டிருந்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய நாட்களில்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது. பட்டாளத்து ஆவணங்களைப் படமெடுத்து வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மெஷின் பக்கத்து முக்காலியில் அவள், மடியில் கம்ப்யூட்டர். தாத்தாவின் பெயரில் கொத்துக் கொத்தாக ஆட்கள் வந்தார்கள். ஒருத்தர் குதிரைப் படை, ஒருத்தர் சமையல்காரர், ஒருத்தர் போன வேகத்தில் அம்மை கண்டு திரும்பியவர். சேர்க்கும்போது எழுதிய அட்டையில் ஒவ்வொருவரின் உயரமும் மார்புச் சுற்றளவும் இருந்தது. அதைக் கண்டதும் பெரியப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. சாமி வந்தவர் மாதிரி இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, அந்த அளவுக்குக் காற்றில் ஒரு ஆளை நிறுத்திப் பார்ப்பார்.

"இவனா? இவ்வளவு அகலமா? நம்ம வம்சத்துல எவனுக்கும் தோளே கிடையாது ஆபீசர். அடுத்த ஆளைக் கூப்பிடு."

கடைசியில் ஒரு அட்டை பொருந்தியது. கழுதை ஓட்டி. ஒல்லி. தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. "இன்னும் ரெண்டு இஞ்சு இளைச்சா நான் தாத்தா அளவுக்கு வந்துடுவேன்" என்று சொல்லிச் சிரித்தார். பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "மூஞ்சி கிடைக்குமா ஆபீசர்? ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும்."

மூஞ்சி கிடைத்தது. ஒரு படைப்பிரிவின் பழைய படங்களுக்கு நடுவே, கழுதையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர். வலைத்தளத்தில் படத்துக்குக் கீழே அதே பெயர். கையில் கடைசி இரண்டு விரல் இல்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். அப்புறம் மறுபடியும் பார்த்தாள். விரல் இல்லாதது வலது கையில்.

அன்று டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய நாள். கதவுக்கு வெளியே நின்ற அவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தாள். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதை சொன்னவர்கள் கையை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். பழைய படம், கழுவியவனே மாற்றிக் கழுவியிருக்கலாம் என்றும் நினைத்தாள். எதையும் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். படம் புரண்டு படுத்தது. வலது இடதானது. அவ்வளவுதான். ஒரு கொசுவை அடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இன்னுமா இறங்கலை?" என்றார் மாமா மேலிருந்து.

"வரேன் மாமா."

திரும்பியபோது எதிரே ஆளுயரக் கண்ணாடி. தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்க வாடிக்கையாளர்கள் நிற்கும் கண்ணாடி. அதில் அவள் நின்றாள், அழுது வீங்கிய முகத்தோடு. அவள் மார்பில் பட்டாளத்துக்காரர் நின்றார். கண்ணாடிக்குள் அவருக்கு மறுபடியும் வலது கை ஊனமாகியிருந்தது. அவள் திருப்பியதைக் கண்ணாடி திருப்பிப் போட்டுவிட்டது. இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் யாரோ தோளைத் தொட்டது மாதிரி தூக்கிவாரிப் போட்டது.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தாள். கண்ணாடியில் அவருடைய சட்டை பட்டன்கள் சரியாக இருந்தன.

படத்தை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். நேர்ப் படத்தில் மாறியிருந்தன.

இத்தனை நாளும் அவள் விரலை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை வரிசையாக இறங்கும் பட்டன்கள் கண்ணிலேயே படவில்லை. ஆண்கள் சட்டைக்கு வலப்பக்கம் பட்டன், இடப்பக்கம் அது நுழைகிற காஜா. பெண்களுக்கு மாற்றி. சின்ன வகுப்பில் படிக்கும்போதே தெரியும் அவளுக்கு. ஒரு லீவு நாளில் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்து ஒரு பாங்குக்காரர் சட்டைக்குப் பட்டன் வைத்துக் கொடுத்தாள், பக்கம் மாற்றி. பெரியப்பா அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "இதைப் போட்டுக்கிட்டு அவரு பாங்குக்குப் போனா, அவசரத்துல பொண்டாட்டி சட்டையை மாட்டிட்டு வந்துட்டாருன்னு நினைப்பாங்க."

"ஏன் பெரியப்பா ரெண்டு பேருக்கும் வேற வேற பக்கம்?"

"யாருக்குத் தெரியும்? எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவர் ஒரு கதை சொல்வாரு. அந்தக் காலத்துல பெரிய வீட்டுப் பொம்பளைங்களுக்கு வேலைக்காரி எதிர்ல நின்னு போட்டு விடுவாளாம். போட்டு விடறவ கைக்கு வாகா இருக்கட்டும்னு வெச்சாங்களாம்."

அப்படியென்றால் படத்தைக் கழுவியவன் எதையும் மாற்றவில்லை, மாற்றியது அவள்தான். தெருவில் போகிற ஆளின் சட்டையைப் பார்த்தே காலரில் எத்தனை மடிப்பு என்று சொல்கிறவர் பெரியப்பா. இந்தப் படத்தை மெஷினுக்கு நேர் எதிரே மாட்டித் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

படத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்று அவர் அதை ஜன்னலோரம் எடுத்துப் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவர்தானா ஆபீசர்?" என்றார். அவள் "ம்" என்றாள். "சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லா இருக்காரு" என்றார்.

அந்தச் 'சரி'யைச் சந்தோஷம் என்று இன்று காலை வரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது எந்தச் 'சரி' என்று தெரியவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

மாடிக்குப் போனபோது அத்தை வந்துவிட்டிருந்தாள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. பிரயாணக் களைப்போடு அழுதுகொண்டிருந்தவள் படத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள்.

"இதுவா? போன்ல அனுப்பினப்போ சின்னதா இருந்துச்சு. ஐயோ, மூக்கைப் பாரேன். அண்ணன் மூக்கேதான். நெத்தியும் அதேதான். தாத்தாவே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

பெரியப்பா நடுக்கூடத்தில் கட்டிலில் கிடந்தார். கழுத்து வரை போர்வை. கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் பெரிதாக நின்றது. அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உண்மையாகவே ஒரே மூக்காகத்தான் இருந்தது. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. தெரியாத ஒரு ஆளோடு பெரியப்பாவுக்கு எப்படி ஒரே மூக்கு இருக்கும்? ஒருவேளை தெரியாத ஆள் இல்லையோ? செத்துப் போனவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் மூக்கு நிற்குமோ?

படிக்கட்டில் அப்பா தனியாக நின்று யாரிடமோ போனில் வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறவர். வழி சொல்லும்போது மட்டும் அவர் குரலில் தெம்பு வரும். பேசி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டியா நீ?"

"அந்தப் போட்டோ..."

"ஆமாம்மா. பெட்டிக்குள்ள வெச்சு அனுப்பிடலாம்னு பெரியம்மா சொல்றா. நல்ல விஷயம்தான். சின்ன வயசுல இருந்தே, தாத்தா, தாத்தான்னு தேடினவரு. கையோட கொண்டு போகட்டும்." அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் தலையில் கையை வைத்து அழுத்திவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். பெட்டிக்குள்ளேயா? அவரோடேயா? சுவரில் இருந்தால் என்றைக்காவது கழற்றிக்கொள்ளலாம், வேறு படம் கிடைத்தால் மாற்றலாம். பெட்டிக்குள் போனால் அவ்வளவுதான். பெரியப்பா அங்கே போய் இந்தப் படத்தை நீட்டி, இவர் எங்கே என்று கேட்பாரா? கேட்டால் யார் வருவார்கள்? வலது கை ஊனமான ஒருவர் வந்து, யாரப்பா நீ என்பாரா? பதினாறு வயதில் இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று தெரிந்தது. நினைப்பு நிற்கவில்லை. இன்னொரு பக்கம், நான் இப்போது வாயைத் திறந்தால் பெரியம்மா என்ன ஆவாள்? கடைசிக் காலத்தில் அவர் சிரித்த சிரிப்பெல்லாம் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்ததுதானே?

"சட்டையைக் கொண்டாங்க" என்று உள்ளே மாமாவின் குரல் கேட்டது.

பெரியம்மா பீரோவிலிருந்து காகிதம் சுற்றிய பொட்டலத்தை எடுத்து வந்தாள். கடைசி மாதத்தில் பெரியப்பா தனக்கென்று தைத்தது. மண் நிறத் துணி, தோளில் பட்டை, படத்தில் இருப்பது மாதிரியே. இதைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். தைக்கும்போது அவளைக்கூடப் பக்கத்தில் வர விடவில்லை. "ஆபீசருக்கெல்லாம் ரெடியான அப்புறம்தான் காட்டுவேன்" என்று விரட்டினார்.

அப்பாவும் மாமாவும் அவரைத் தூக்கி நிமிர்த்தி, கையை நுழைத்து, மெல்லப் படுக்க வைத்தார்கள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. அட்டையில் இருந்த அளவு. மாமா குனிந்து பட்டனைத் தேடினார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"மச்சான், இங்க பாருங்க."

"என்ன?"

"பட்டனை அந்தப் பக்கம் வெச்சிருக்காரு. பொம்பளை சட்டை மாதிரி."

அப்பா குனிந்து பட்டன் வரிசையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஊருக்கே சட்டை தெச்ச மனுஷன்" என்றார் மாமா. குரல் உடைந்தது. "தன்னோட சட்டையில கோட்டை விட்டுட்டாரே."

"கடைசியில கண்ணு தெரியலை போல" என்றார் அப்பா. "மருந்து மயக்கம் வேற."

"வேற சட்டை போட்டுடலாம். கீழ வந்து நிக்கறவங்க பூரா அவரோட கஸ்டமருங்க. பாத்தா என்ன நினைப்பாங்க? இது வேணாம்."

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது." பெரியம்மா கட்டிலின் கால்மாட்டிலிருந்து சொன்னாள். அன்று முழுவதிலும் அவள் இவ்வளவு நிதானமாகப் பேசியது இப்போதுதான். "ஊசியில நூல் அவரேதான் கோத்தாரு. நானும் கேட்டேன், என்னங்க, பட்டன் பக்கம் மாறிக் கெடக்குதேன்னு. ஆபீசருக்குத் தெரியும்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். காது இரண்டும் கொதித்தன.

"என்னம்மா தெரியும் உனக்கு?" என்றார் மாமா.

அதற்குள் அத்தை தலைமாட்டிலிருந்த படத்தைக் கையில் எடுத்துவிட்டாள். "இதுலயும் அப்படித்தானே இருக்கு? பாருங்க. இதைப் பாத்து அப்படியே தெச்சிருக்காரு, பாவம்."

மாமா எட்டிப் பார்த்தார். "அட, ஆமா. இது எந்த ஊருப் பட்டாளம்? தாத்தாவே மாத்தி மாட்டிக்கிட்டாரா?"

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அது அழுகையாகி, அத்தை அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. படம் அப்பாவின் கைக்கு வந்தது. அப்பா அதைப் பார்த்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவர் அவர். பின்னால் வருகிற வண்டியின் பெயர்ப்பலகையை இடம் வலம் மாற்றிப் படிக்கத் தெரிந்தவர். படத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். பிறகு நிமிர்ந்து, படத்தையல்ல, அவளைப் பார்த்தார்.

"இது உள்ள போகணுமா, வேணாமா?" என்று கேட்டார். பெரியம்மாவைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்.

"வேணாம்ப்பா." தன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அவளுக்கே கேட்டது. "நான் இன்னும் தேடி முடிக்கலை."

"இன்னும் என்னடி தேடறது? ஆளே கிடைச்சாச்சு" என்றாள் அத்தை.

"அவ சொன்னா விடு. அவதானே ஆபீசர்." அப்பா படத்தைக் கொண்டுபோய்ப் பீரோவின் மேல் வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டதா, இல்லை, அழுகிற பெண்ணை மேலும் அழவைக்க வேண்டாம் என்று விட்டாரா, அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமலே, "சட்டை?" என்றார்.

"இதுவே இருக்கட்டும். நான் போட்டு விடறேன்."

"உனக்கு பயமா இருக்காதா?" என்றார் மாமா.

இருந்தது. கட்டிலை ஒட்டி முட்டி போட்டு, பெரியப்பாவைப் பார்த்தபடி குனிந்தாள். மேலிருந்து இரண்டாவது பட்டனில் தொடங்கினாள். பட்டன்கள் எல்லாம் அவளுடைய வலது கைக்கு நேரே இருந்தன. விரல் தேடவே வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் காஜாவுக்குள் போயின. கையை முறுக்க வேண்டாம், மடக்க வேண்டாம். எதிரே இருப்பவர் போட்டு விடுவதற்கென்றே வைத்தது மாதிரி இருந்தது.

அவள் கை ஒரு கணம் நின்றது.

"என்ன, மாட்டிக்கிச்சா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள். மோதிரம் இருந்த கை சற்று விலகிக் கிடந்தது. அதை எடுத்து மேலே வைத்தாள். கனமாகவும் சில்லென்றும் இருந்தது. காலர் பட்டனை விட்டுவிட்டாள். யார் சட்டைக்கும் அதைப் போட அவர் விட்டதில்லை, மூச்சு முட்டும் என்பார்.

கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்பா ஜன்னலைப் பார்த்தார். அவள் சட்டையின் கீழ் மடிப்பை இழுத்து நேர்ப்படுத்தினாள். உள்பக்கத்தில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. லேசாகப் புரட்டினாள். அங்கே ஒரு பட்டன். கூடுதல் பட்டன். கடையிலிருந்து போகிற ஒவ்வொரு சட்டையிலும் அவர் வைத்துத் தைக்கிற இடத்திலேயே இருந்தது. என்றைக்காவது ஒன்று விழுந்துவிட்டால் அதே நிறத்தில் தேடிக்கொண்டு அலைய வேண்டாம் என்பதற்காக வைப்பது.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

நூல் உறுதியாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இருந்தது. மடிப்பைப் பழையபடி உள்ளே விட்டு, மேலே கையால் நீவி விட்டாள்.